சுரண்டாத கண்ணாடி

விழுப்புரம்,
9-3-1938

காந்திமதிக்கு,

இங்கே நானும் குழந்தையும் சௌக்கியம்னு எழுதத்தான் காகிதத்தை எடுத்தேன். எழுதினா பொய்யாப் போயிடும். அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

நாலு நாள்ல வந்துடறேன்னு சொல்லிட்டு ரயில் ஏறினவ நீ. மாசி முடிஞ்சு பங்குனி பொறக்கப் போவுது. உங்கம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னே. இத்தனை நாள் வைத்தியம் பார்த்த முட்டி இந்நேரம் செஞ்சிக் கோட்டையே ஏறி இறங்கியிருக்கும்.

சின்னபொண்ணுக்கு இன்னும் ரெண்டு வயசு முடியலை. நான் ஸ்டூடியோவுக்குப் போனா எதிர்வூட்டு வீரம்மாள்தான் பார்த்துக்கறாங்க. கேப்பைக் கூழைக் கரைச்சுக் குடுத்தா பாதி வாய்க்குப் போவுது, பாதி தரைக்குப் போவுது. சாயங்காலம் நான் வந்ததும் என் விரலைப் பிடிச்சு இழுத்துக்கினு போயி சுவத்துல மாட்டின போட்டோவுக்குக் கீழே நிறுத்தறா. பொங்கலுக்கு எடுத்தேனே, உன் மடியில அவ இருக்கறது, அதுதான். "ம்மா"ங்கறா. தூக்கிக் காட்டினா உன் முகத்தைத் தடவறா. மேல்கண்ணாடி பூரா எச்சில். தினமும் துடைச்சிக்கினு இருக்கேன்.

அந்தப் போட்டோவைப் பார்த்து எங்க மொதலாளியே அசந்துட்டார். கண்ணாடிப் பிளேட்டைக் கழுவினப்போ உன் காதுக்குக் கீழே மருந்துக் கறை ஒண்ணு விழுந்திருந்தது. நானே கத்தியை வெச்சுக்கினு உக்காந்து, சுரண்டி, இருந்த எடம் தெரியாம ஆக்கிட்டேன். ஊர்ல எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு ஆசையாப் பண்ணிக் கொண்டாந்து குடுத்தேன். நீ பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லலை. அடுத்த வாரமே உங்கம்மாவுக்கு முட்டி வலி வந்துடுச்சு.

நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா? சொல்லியிருந்தா எழுது. இல்லைன்னா ஜல்தி கிளம்பி வா.

கோதண்டபாணி

*

திண்டிவனம்,
13-3-1938

சின்னபொண்ணு அப்பாவுக்கு,

கடுதாசி வந்தது. அம்மாவுக்கு வலி அப்படியேதான் இருக்குது. நான் இப்போ வர முடியாது. குழந்தையை இங்கே கூட்டிக்கினு வர வேண்டாம். சத்தியமா வேண்டாம்.

சில வேலை இருக்குது, செஞ்சிடுங்க. நான் தலைக்கு வெச்சிருந்த தலையணையைக் கொளுத்திடுங்க. உறையை மாத்தினா போதாது, கொளுத்தணும். என் பழைய புடவையில தூளி கட்டியிருந்தா அவுத்துடுங்க. எனக்கும் அவளுக்கும் சேர்த்துச் சோறு பிசையற பித்தளைக் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்ச்சு, தண்ணியில போட்டுக் கொதிக்க வையுங்க.

காலையில குளிப்பாட்டறப்போ அவளை வெளிச்சத்துல நிறுத்திப் பாருங்க. காதுக்குப் பின்னால, கழுத்து மடிப்பு, முட்டிக்குப் பின்னால. தோல் எங்கேயாவது வெளிறி இருந்தா அன்னிக்கே எழுதுங்க. நீங்களே பாருங்க, வீரம்மாளைப் பார்க்கச் சொல்லாதீங்க.

ஏன்னு கேக்காதீங்க. நீங்க கேக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். கறையை நல்லாத்தான் சுரண்டியிருக்கீங்க. நானே தேடிப் பார்த்தேன், கிடைக்கலை.

காந்திமதி

*

விழுப்புரம்,
17-3-1938

காந்திமதிக்கு,

உன் கடுதாசியைத் திரும்பத் திரும்பப் படிச்சும் தலையும் புரியலை, வாலும் புரியலை. பயமா இருக்குது. தலையணையைக் கொளுத்தலை, மொட்டை வெயில்ல போட்டிருக்கேன். குழந்தையை வெளிச்சத்துல நிறுத்திப் பார்த்தேன். முட்டியில சிராய்ப்பு இருக்குது, வேற ஒண்ணும் இல்லை.

முச்சந்தியில கழிச்சுப் போட்ட எதையோ நீ மிதிச்சுட்டேன்னு வீரம்மாள் சொல்றாங்க. தெருக்கோடியில இருக்கறவ சொல்றதை நான் எழுத மாட்டேன், நீயே புரிஞ்சுக்கோ. நான் யார் வாயை அடைக்கறது?

வர்ற ஞாயித்துக்கிழமை காலைப் பாசஞ்சர்ல வர்றேன். குழந்தையைத் தூக்கிக்கினுதான் வருவேன். அவளைப் பார்த்துட்டு அப்புறம் சொல்லு, வர முடியாதுன்னு.

கோதண்டபாணி

*

திண்டிவனம்,
22-3-1938

சின்னபொண்ணு அப்பாவுக்கு,

நீங்க போனப்புறமும் கதவுக்குப் பின்னாலயே உக்காந்திருந்தேன். அவ உள்ளங்கையால தட்டின சத்தம் இன்னும் காதுல இருக்குது. கதவு இடுக்குல அவ விரல் வந்தது. தொட்டுடுவேனோன்னு பயந்து என் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கோத்துக்கினேன். நீயெல்லாம் ஒரு தாயான்னு நீங்க கேட்டது தெரு பூரா கேட்டுச்சு. கேட்டதுல தப்பில்லை.

சொல்லிடறேன். ஐப்பசியில என் காதுக்குக் கீழே மல்லாட்டைப் பருப்பு அளவுக்கு வெள்ளையா ஒண்ணு வந்தது. மஞ்சளைக் குழைச்சுப் பூசினேன். முந்தானையை இழுத்து விட்டுக்கினேன். பொங்கலுக்குப் போட்டோ எடுக்கறேன்னு உக்கார வெச்சீங்க. மஞ்சள் பூசினா படத்துல கறுப்பா விழும், கழுவிக்கினு வான்னீங்க. கழுவிட்டு, முந்தானையால மூடிக்கினு உக்காந்தேன். நீங்க கிலுகிலுப்பையை ஆட்டிக்கினு குழந்தையையே பார்த்தீங்க. கேமரா மூடியைக் கழட்டற நேரத்துக்கு அவ என் முந்தானையைப் பிடிச்சு இழுத்துட்டா. ரெண்டு தடவை எடுத்தீங்க, ரெண்டு தடவையும் இழுத்தா.

அப்புறம் போட்டோ வந்தது. கழுத்து சுத்தமா இருந்தது. நீங்க பார்த்துட்டீங்கன்னு அப்போதான் எனக்கு விளங்கிச்சு. பார்த்துட்டு ஒண்ணும் கேக்காம கத்தியால சுரண்டிட்டீங்க. கண்ணாடியிலயே அதைப் பார்க்கச் சகிக்காதவர் வூட்டுல எப்படிப் பார்ப்பார்? அதுகூடப் பரவாயில்லைன்னு இருந்திருப்பேன். ஒரு நாள் சின்னபொண்ணு என் கழுத்துல வாயை வெச்சுக்கினே தூங்கிட்டா. வாய் சரியா அந்த எடத்துல இருந்தது. அதுக்கு மேல அங்கே இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

இப்போ அது எட்டணா அளவு ஆயிடுச்சு. அம்மா கார்போகரிசியை அரைச்சுப் பூசி வெயில்ல நிக்க வெச்சாங்க. கொப்புளம் கிளம்பி, உரிஞ்சு, உள்ளே இன்னும் வெளுப்பா இருக்குது. தங்கச்சி ஜெயத்தைப் பெண் பார்க்க யாராவது வந்தா என்னைக் கொல்லை அறையில வெச்சுத் தாழ் போடறாங்க. அம்மாவைக் குத்தம் சொல்லலை, ஜெயம் வாழணுமே. இது பெரிய வியாதிதான், குஷ்டம்தான்னு யாராவது சர்க்காருக்கு எழுதிப் போட்டா ஆஸ்பத்திரி வண்டி வந்து ஏத்திக்கினு போயிடுமாம். வாசல்ல மாட்டுவண்டி நின்னாலே நானே கொல்லை அறைக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கறேன்.

இதைப் படிச்சுட்டுக் கையைக் கழுவிடுங்க.

காந்திமதி

*

விழுப்புரம்,
29-3-1938

காந்திமதி,

எனக்குத் தெரியாது. குழந்தை மேல ஆணையா தெரியாது. மருந்து சரியாக் கரையலைன்னா பிளேட்டுல திட்டு விழும். அப்படின்னுதான் நெனைச்சேன். நான் பிளேட்டுல ஆளையா பார்க்கறேன்? குறையைத்தான் பார்க்கறேன். அம்மைத் தழும்பு, மச்சம், கண்ணுக்குக் கீழே கறுப்பு, வர்றவங்க எல்லாருக்கும் சரி பண்ணிப் பண்ணிக் கை அப்படியே ஆயிடுச்சு. பொண்டாட்டி கழுத்துன்னு அந்தக் கைக்குத் தெரியலை. கதவுக்கு வெளியே நின்னு கத்தினதை மன்னிச்சுடு.

ரயில்வே டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நீ சொன்னதை எல்லாம் சொன்னேன். இது வெண்குட்டம், பெரிய வியாதி வேற, இது வேறங்கறார். ஒருத்தர்கிட்டேயிருந்து ஒருத்தருக்கு ஒட்டாதாம். நீ கண்ணை மூடிக்கினு, ஜெயத்தை ஊசி முனையால அந்த எடத்துல குத்தச் சொல்லு. பெரிய வியாதின்னா மரத்துப் போயிருக்கும், வலிக்காது. வலிச்சா அது இல்லை. போயிடுமான்னு கேட்டேன். நிக்கலாம், பரவலாம், சொல்ல முடியாதுன்னார். போயிடும்னு உனக்குப் பொய் எழுதலாம்னு பார்த்தேன், மனசு வரலை.

அன்னிக்கு எடுத்த இன்னொரு பிளேட்டு இருக்குது. குழந்தை கை ஆடிப்போனதால ஒதுக்கி வெச்சிருந்தேன், அதைச் சுரண்டலை. பஞ்சு சுத்தித் தகர டப்பாவுல வெச்சு, தினம் வெத்திலைக் கட்டோட பாசஞ்சர்ல வர்ற நம்ம ராயப்பன்கிட்டே குடுத்தனுப்பறேன். ஓரத்தைப் பிடிச்சு, வானத்துக்கு நேரா தூக்கிப் பாரு. பிரிண்ட் போடலை. நீ சொன்னாத்தான் போடுவேன். பிடிக்கலைன்னா உடைச்சுடு.

கோதண்டபாணி

*

திண்டிவனம்,
6-4-1938

சின்னபொண்ணு அப்பாவுக்கு,

ஜெயம் ஊசியை எடுத்துக்கினு வந்தா. கண்ணை மூடிக்கினேன். கொஞ்ச நேரம் ஆச்சு. ஒண்ணுமே தெரியலை. சரி, அவ்வளவுதான்னு நெனைச்சேன். "இன்னும் குத்தலைக்கா"ன்னா அவ. அப்புறம் குத்தினா. சுருக்குன்னு வலிச்சது. இன்னொரு தரம் குத்தச் சொன்னேன். இன்னொரு தரம். ரத்தம் வந்ததும் ஊசியைப் போட்டுட்டு அவதான் அழுதா. வலிச்சதுக்கு நான் சந்தோஷப்பட்டது அன்னிக்குத்தான்.

கண்ணாடியைக் கொல்லையில நின்னு பார்த்தேன். முதல்ல திக்குன்னு ஆயிடுச்சு. எல்லாம் தலைகீழா இருக்குது, கறுப்பு வெளுப்பா, வெளுப்பு கறுப்பா. என் முகம், கை, கழுத்து, தலைமயிர்கூட வெளேர்னு இருக்குது. பல்லு கறுப்பு. குழந்தையும் அப்படியே. ரெண்டு பேயை உக்கார வெச்சு எடுத்த மாதிரி இருந்தது. கீழே போட்டுடப் பார்த்தேன். அப்புறம் காதுக்குக் கீழே பார்த்தேன். அங்கே மட்டும் கறுப்பா ஒரு சொட்டு. உடம்பு பூரா வெளுத்துப் போயி, நான் அந்த ஒரு எடத்துல மட்டும் மிச்சம் இருக்கேன்.

எனக்கு இருக்கற பயமே அதுதானே, ஒரு நாள் மொத்தமா இப்படி ஆயிடுவேனோன்னு. ஆனா எப்படி இருப்பேன்னு இப்போ பார்த்துட்டேன். அப்படி இருக்கறவ மடியிலயும் அந்தக் கழுதை பாட்டுக்கு உக்காந்துக்கினு முந்தானையை இழுக்குது. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கண்ணாடியை உடைக்கலை, அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்கேன்.

பயம் விட்டுடுச்சுன்னு நெனைக்காதீங்க. தினம் காலையில தொட்டுப் பார்த்தா பெரிசா ஆன மாதிரி இருக்குது. அம்மா முகம் பார்க்கற கண்ணாடியை ஒளிச்சுட்டாங்க. மாசத்துக்கு ஒரு தரம் அந்த எடத்தைப் போட்டோ எடுத்தா வளருதா, நின்னுடுச்சான்னு தெரியும் இல்லையா? முகம் வேண்டாம். கழுத்து மட்டும் போதும்.

காந்திமதி

*

விழுப்புரம்,
11-4-1938

காந்திமதி,

ஸ்டூடியோவுல தூசி படிஞ்சு கிடந்த பெட்டிக் கேமராவை மொதலாளிகிட்டே கேட்டு வாங்கி அனுப்பியிருக்கேன். ஜெயத்தைப் பிடிக்கச் சொல்லு. வெயில் அவ முதுகுப் பக்கம் இருக்கணும். லிவரைத் தட்டறப்போ மூச்சை அடக்கணும். நீ மஞ்சள் பூசக் கூடாது.

கழுத்து மட்டும்னு கேட்டே. அது இந்தப் பெட்டியால ஆவாது. ஆறடிக்குள்ள வந்தா எல்லாம் கலங்கிப்போகும். தள்ளி நின்னா ஆள் முழுசாத்தான் விழுவே. அதோட குணம் அது, என்னைத் திட்டாதே. உள்ளே இருக்கற பிலிம் சுருளை ராயப்பன்கிட்டே குடு, கழுவி பிரிண்ட் போட்டு அனுப்பறேன். எதையும் சுரண்ட மாட்டேன்.

சின்னபொண்ணு நேத்து வீரம்மாளை அம்மான்னு கூப்பிட்டா. எழுத வேண்டாம்னுதான் பார்த்தேன்.

கோதண்டபாணி

*

திண்டிவனம்,
3-7-1938

சின்னபொண்ணு அப்பாவுக்கு,

வீரம்மாள் நல்லவங்க, அப்படியே கூப்பிட்டுட்டுப் போகட்டும்னு எழுதினேன். எழுதி ரெண்டு மாசமா துணிப் பெட்டியில கிடக்குது. அனுப்ப முடியலை. கூப்பிடக் கூடாது. கூப்பிட விடாதீங்க.

போட்டோ எல்லாம் வந்தது. நீங்க அனுப்பின பூதக்கண்ணாடியை வெச்சு முதல்ல கழுத்தைத்தான் பார்த்தேன். வளர்ந்துதான் இருக்குது, கழுத்தெலும்பு வரைக்கும் இறங்கிடுச்சு. அன்னிக்குச் சோறு இறங்கலை. ஆனா இந்தப் பெட்டி ஒரு சனியன், கேட்டதை மட்டும் குடுக்காது. துணி காயற கொடி வருது, ஆட்டுக்குட்டி வருது, என் கிழிஞ்ச ரவிக்கை வருது. போன வாரம் வந்ததைப் பார்த்துட்டு, யார் இவ, இப்படி எலும்பும் தோலுமா நிக்கறா, ஒரு வாய் சோறு போடக் கூடாதான்னு தோணிச்சு. அப்புறம்தான் கழுத்து ஞாபகமே வந்தது. அன்னிக்கு ரெண்டு தரம் போட்டுக்கினு சாப்பிட்டேன்.

பக்கத்து வூட்டு பல்கீஸ் பீவியோட வூட்டுக்காரர் கப்பலேறிப் போயி சைகோன்ல துணிக்கடையில இருக்கார். போட்டோ அனுப்பச் சொல்லி எழுதிக்கினே இருக்காராம். ஆம்பளை முன்னால இவங்க உக்கார மாட்டாங்க. நீ எடு காந்தின்னாங்க. குனிஞ்சு பெட்டியைப் பார்க்கறப்போ முந்தானை நழுவிடுச்சு. ரெண்டு கையும் பெட்டியில, இழுத்து விட முடியலை. அவங்க என் கழுத்தைப் பார்த்தாங்க. கழுத்தை மறைக்கப் பெட்டியோட ஒரு பக்கமா சாய்ஞ்சேன். "வெயில் போயிடப் போவுது, ஜல்தி எடும்மா"ன்னாங்க. எடுத்தேன். அப்புறம் நான் நின்ன எடத்துக்கு வந்து, என் தோளைப் பிடிச்சுக்கினு, பெட்டிக்குள்ள என்ன தெரியுதுன்னு எட்டிப் பார்த்தாங்க. அம்மா, ஜெயம் தவிர என்னைத் தொட்டவங்க அவங்கதான்.

உங்க வூட்டுக்காரர் பார்க்காம கழுவ முடியுமான்னு கேட்டுக்கினே இருக்காங்க. என்ன சொல்லட்டும்?

காந்திமதி

*

விழுப்புரம்,
8-7-1938

காந்திமதி,

கழுவறது இருட்டறையில, என் கையே எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. பிரிண்டை மூடி, ஒட்டி அனுப்பியிருக்கேன். பார்க்கலைன்னு சொன்னா நீ நம்ப மாட்டே. படம் சாய்ஞ்சிருக்குது. ஆனா அந்தம்மா சிரிக்கற மாதிரி என் ஸ்டூடியோவுல எவளும் சிரிச்சதில்லை. என்கிட்டே எல்லாரும் பல்லைப் பிடுங்க வந்தவங்க மாதிரிதான் உக்கார்றாங்க.

வீரம்மாளை அத்தைன்னு மாத்திட்டேன். எப்போ வர்றே?

கோதண்டபாணி

*

திண்டிவனம்,
18-9-1938

சின்னபொண்ணு அப்பாவுக்கு,

ஜெயம் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. நீங்க குழந்தையை விட்டுட்டு வந்து, உடனே போனதும் நல்லதுதான்.

நீங்க போனப்புறம் ஒண்ணு நடந்தது. கொல்லைப் பக்கம் நான் பாத்திரம் துலக்கிக்கினு இருந்தேன். மாப்பிள்ளை வூட்டுக் குழந்தை ஒண்ணு நடந்து வந்து தானா என் மடியில உக்காந்துச்சு. சின்னபொண்ணு வயசுதான். அதோட அம்மா ஓடி வந்து பிடுங்கிக்கினு போனா. என் எதிர்லயே புளித்தண்ணி கரைச்சு அது கையைக் கழுவினா. நான் உங்களைச் செய்யச் சொன்னதைத்தான் அவளும் செஞ்சா, அவளை என்ன சொல்றது?

இப்போ உதட்டோரத்துல வந்திருக்குது. இடது கண்ணிமையிலயும் வந்திருக்குது. இதை முந்தானையால மூட முடியாது. டாக்டர் சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்குது. ஞாபகம் இருந்து என்ன பண்றது? நாளைக்குச் சின்னபொண்ணே வளர்ந்து என்கிட்டேயிருந்து கையை இழுத்துக்கினா நான் எங்கே போவேன்? நான் வரலை. நீங்க வேற ஒருத்தியைக் கட்டிக்கோங்க. கேமராவை ராயப்பன்கிட்டே குடுத்திருக்கேன்.

காந்திமதி

*

விழுப்புரம்,
10-10-1938

காந்திமதி,

உன்னைத் திட்டி மூணு கடுதாசி எழுதிக் கிழிச்சுட்டேன். இப்போ திட்டற நிலைமையில நான் இல்லை.

காலையில வெளிச்சத்துல நிறுத்திப் பார்க்கச் சொன்னியே, அதை நான் இன்னும் விடலை. சனிக்கிழமை அவ வலது கன்னத்துல வெளிறி ஒரு எடம் இருந்தது. இன்னிக்கும் இருக்குது. டாக்டர் லீவுல ஊருக்குப் போயிட்டார், தீபாவளிக்கு அப்புறம்தான் வருவாராம். வீரம்மாள் தேமல்னு வாயால சொல்றாங்க, ஆனா அன்னியிலிருந்து குழந்தையைத் தூக்கலை. கூழைத் தட்டுல ஊத்தித் தள்ளி வைக்கறாங்க.

ஒட்டாதுன்னு உனக்கு எழுதினவன் நான்தான். நேத்து அவ கிண்ணத்தைக் கொதிக்க வைக்கலாமான்னு அடுப்பு பக்கத்துல நின்னேன். எனக்கே கேவலமா இருந்தது. ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கினு போறப்போ தலைமயிரைக் கன்னத்துல இழுத்து விட்டேன். அவ தள்ளி விட்டா. மறுபடியும் இழுத்து விட்டேன், அழுதா.

ஒரு போட்டோ எடுத்திருக்கேன், கூட வெச்சிருக்கேன். பிளேட்டைப் பார்த்ததும் கை தானா கத்திக்குப் போயிடுச்சு. கத்தியைத் தூக்கிப் போட்டுட்டேன். நீ பார்த்துப் பார்த்துப் பழகினவ. அதுவான்னு சொல்லு. எனக்கு வேற கேக்க ஆள் இல்லை.

கோதண்டபாணி

*

திண்டிவனம்,
13-10-1938

சின்னபொண்ணு அப்பாவுக்கு,

போட்டோவைப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வெச்சும் பார்த்தேன். என்னுதுக்கு ஓரம் வரப்பு வெட்டின மாதிரி இருக்கும், என் போட்டோ எல்லாத்துலயும் அப்படித்தான். அவளுக்கு ஓரம் கரைஞ்சு கரைஞ்சு போவுது. தேமல்தான்னு தோணுது. ஆனா நான் டாக்டர் இல்லை. அதுவா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினு பார்க்கற கண்ணு இது. அதுவாவும் இருக்கலாம்.

அதுவா இருந்தா என்னாலதான் வந்ததுன்னு நேத்து பூரா உக்காந்து அழுதேன். இன்னிக்குக் காலையில மறுபடியும் அந்தப் போட்டோவை எடுத்தேன். ரொம்ப நேரம் கன்னத்தையே பார்த்தேன். அப்புறம்தான் மத்ததெல்லாம் தெரிஞ்சுது. நெத்தியில மயிர் எல்லாம் ஒரு பக்கமா இழுத்து விட்டுக் கிடக்குது. கண்ணு வீங்கியிருக்குது. ரெண்டு வயசுப் பொண்ணுக்கு அதுக்குள்ள ஒளியக் கத்துக் குடுக்கறோம். வீரம்மாள் தட்டைத் தள்ளி வைக்கறாங்க. நீங்க மயிரை இழுத்து மூடறீங்க. அது தேமலா இருந்தா போயிடும். இல்லைன்னா அந்த வூட்டுல அவ பார்க்கறதுக்கு அவளை மாதிரி ஒரு முகம் வேணும். அது என்கிட்டே இருக்குது. அதை நான் இங்கே கொல்லை அறையில வெச்சுக்கினு என்ன பண்றேன்?

ஞாயித்துக்கிழமை காலைப் பாசஞ்சர்ல வர்றேன். மஞ்சள் பூசலை. முந்தானை தோள்ல இருக்கும். வண்டியில யாராவது தள்ளி உக்காந்தா நான் ஜன்னலோரமா காலை நீட்டிக்கினு வருவேன். இப்படித் தைரியமா எழுதறேன், எழுதற கை நிக்கலை. நிக்காட்டிப் போகட்டும், ரயில் என் கையைப் பார்த்துக்கினா ஓடுது?

அதுக்குள்ள ஒரு வேலை செஞ்சிடுங்க. சுரண்டாத கண்ணாடியை அரிசிப் பானையிலிருந்து எடுத்து ராயப்பன்கிட்டே குடுத்திருக்கேன். அதைப் பிரிண்ட் போடுங்க. அவ கை ஆடியிருந்தா ஆடியிருக்கட்டும். சுவத்துல இருக்கறதைக் கழட்டிட்டு அதை மாட்டுங்க. அவளைத் தூக்கிக் காட்டுங்க, எச்சில் பண்ணட்டும், துடைக்காதீங்க. கண்ணிமை வெள்ளையும் உதட்டு வெள்ளையும் அதுல இருக்காது. அதை நான் நேர்ல காட்டிக்கறேன்.

கழுத்துல வெள்ளை இருக்கறவதான் அம்மான்னு நான் வர்றதுக்குள்ள அவளுக்குப் பழகிடணும். நான் வாசல்ல வந்து நிக்கறப்போ சுவத்தை ஒரு தரம் பார்த்துட்டு, என்னை ஒரு தரம் பார்த்துட்டு, இது யாருன்னு உங்களைக் கேட்டுடக் கூடாது. எனக்கு இப்போ அந்த ஒரு பயம்தான் இருக்குது.

காந்திமதி